‘நலமா?’ என்ற கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது, கதவுக்குப் பின்னால் பழுப்பு நிறக் கடித உறையொன்று விழுந்து கிடந்தது. பிரித்தானியாவில் நோயோடு வாழும் குடும்பங்களுக்கு அந்த நிறமே போதும். அனுப்பியவர் யாரென்று பார்க்க வேண்டியதில்லை. அதைப் பிரிக்காமல் அஸர் வரை மேசைமேல் வைத்திருந்தோம். பிள்ளைகள் மூவரும் அதைக் கண்டார்கள். ஒன்றும் கேட்காமல் தத்தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். எங்கள் வீட்டில் மீளாய்வு என்றால் என்னவென்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கணவர் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்கிறார். இடையில் நிறுத்தி, “அப்படியல்ல நடந்தது” என்று திருத்தவும் செய்கிறார். ஆகவே ‘நான்’ என்று எழுத வழியில்லை.

கணவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் ஓதி, இஸ்லாமியக் கற்கையில் டிப்ளோமா முடித்தவர். இங்கு வந்த நாள் முதல் மாலை நேர மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறார். 2016இல் அவருக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் எனும் மூட்டுவாதம் கண்டறியப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் அது. காலையில் விரல்கள் விறைத்துப் போகும். நண்பகலில் ஓரளவு இளகும். ஒரு நாள் நடப்பார், மறுநாள் மாடிப்படியின் முன் நின்றுவிடுவார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு நடந்த நாள் மட்டுமே தெரியும். நடக்காத நாளில் அவர் வெளியில் இருப்பதில்லை அல்லவா?

அந்த நோய்க்காக அவர் பெறுவது ‘பிப்’ எனப்படும் கொடுப்பனவு. 2013இல் நடைமுறைக்கு வந்தது. தொழில் செய்கிறோமா இல்லையா என்பதை அது பார்ப்பதில்லை. அன்றாட வாழ்க்கைக்குரிய பத்துச் செயல்களையும் நடமாட்டத்துக்குரிய இரண்டு செயல்களையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி இடுகிறது. ஒரு பகுதியில் 8 புள்ளி பெற்றால் சாதாரண வீதம், 12 பெற்றால் உயர் வீதம். இதற்கு அப்பால் யுனிவர்சல் கிரெடிட்டில் வேலை செய்யும் ஆற்றலுக்கான மதிப்பீடு என்று வேறொன்று உண்டு. அதன் படிவம் வேறு, கேள்விகள் வேறு. ஒன்றில் தேறியவர் மற்றதில் தேறுவார் என்ற உறுதி இல்லை. எங்கள் சமூகத்தில் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்கு எழுத வேண்டியதை மற்றதில் எழுதிவிடுகிறார்கள்.

கணவனும் மனைவியுமாய் வாழ்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யுனிவர்சல் கிரெடிட் இருவருக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. வாரத்தில் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் நோயாளியைப் பராமரிக்கும் துணைக்கு அதில் ஒரு தொகை சேர்க்கப்படும். ஆனால் அந்த நோயாளி பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியையோ அதற்கு நிகரான ஒன்றையோ பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். கணவரின் புள்ளி குறைந்தால் மனைவியின் தொகையும் கூடவே போகும். ஒரு செங்கல்லை உருவினால் அடுத்ததும் சரியும் சுவர் அது. அந்தச் சுவருக்குக் கீழே மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2018இல் முதல் மதிப்பீடு நேரில் நடந்தது. அன்று நோய் உச்சத்தில் இருந்தது. மனைவியும் கூட இருந்தார். வாய் திறந்து அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு வழங்கினார்கள். 2022இல் மீளாய்வு வந்தபோது மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம்.

மறுமுனையில் பேசிய பெண்மணி மரியாதையாகவே தொடங்கினார். இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறேன்” என்றார் கணவர்.

நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த பதில் அது. உம்மா கற்றுத் தந்தது, மத்ரஸாவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தது. காய்ச்சலில் கிடந்தாலும் நம் நாவில் முதலில் வருவது அதுதான். பின்னர் கைக்கு வந்த அறிக்கையில் அவ்வாசகம் அப்படியே பதிவாகியிருந்தது: தாம் நலமாக இருப்பதாக அவர் தெரிவித்தார்.

மற்றப் பதில்களும் அவ்வாறே. சமைப்பீர்களா என்று கேட்டதற்கு, “வீட்டில் மனைவிதான் சமைப்பார்” என்றார். அது உண்மை. ஆனால் கத்தியைப் பிடிக்க முடியாது, கொதிக்கும் சட்டியைத் தூக்கினால் கை தளர்ந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. அது வழக்கத்தால் வந்த ஏற்பாடு என்று எழுதிக்கொண்டார்கள். உணவை வெட்டி உண்ண முடியுமா என்றதற்கு, “நாங்கள் கையால் உண்பவர்கள்” என்றார். இறைச்சியை மனைவி பிய்த்துப் போடுவதும், சோற்றைப் பிசைய விரல் மடங்காமல் கரண்டி பிடிப்பதும் அந்தப் பதிலில் இல்லை. நாள் எப்படிக் கழிகிறது என்றதற்கு ஐவேளை தொழுவதாகச் சொன்னார். நாற்காலியில் அமர்ந்து தொழுவதாகச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய செய்தி என்றே அவருக்குத் தோன்றவில்லை. குனிந்து நிமிர்ந்து தொழும் அளவுக்கு உடல் வளைகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வாரத்தில் நான்கு மணி நேரம் ஓதிக்கொடுப்பதும் அவருக்கு எதிராகவே நின்றது.

ஒரு பொய்கூட அவர் சொல்லவில்லை. ஆயினும் அந்த அறிக்கையில் இருந்த மனிதர் எங்கள் வீட்டில் வசிப்பவர் அல்லர்.

அன்றாட வாழ்க்கைக்கு 4 புள்ளி, நடமாட்டத்துக்கு 4 புள்ளி. இரண்டும் போயின. வாரத்துக்கு 86 பவுண் 30 பென்ஸ் நின்றது. அதைத் தொடர்ந்து பராமரிப்பாளருக்கான மாதாந்த 168 பவுண் 81 பென்ஸும் நின்றது. எரிவாயு விலை ஏறியிருந்த குளிர்காலம் அது. குளிர் மூட்டுவாதத்துக்குப் பகை. ஒரே அறையில் மட்டும் சூடேற்றி ஐவரும் அங்கேயே இருந்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

பள்ளிவாசலில் ஒரு சகோதரர் அன்போடுதான் சொன்னார்: “உஸ்தாத், இது சோதனை. ஸப்ர் செய்யுங்கள். இவர்களிடம் போய் ஏன் முறையிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?” அந்தச் சொல் பல நாட்கள் எங்களை உறங்க விடவில்லை. அவர் சொன்னதில் பாதி எங்கள் மனத்திலும் இருந்தது. நோயை விரித்துச் சொல்வது அல்லாஹ்வின் மீதான முறைப்பாடாகிவிடுமோ என்ற அச்சம். குளியலறைக்குள் நடப்பதை அந்நியர் முன் எழுதுவது ஹயாவுக்கு மாறாகுமோ என்ற கூச்சம்.

ஒரு நாள் மனைவி கேட்டார்: “நீங்கள் பாடம் நடத்தும் புகாரியில் நோயாளி தன் வலியைச் சொல்லலாமா கூடாதா என்று ஒன்றுமே இல்லையா?” இருக்கிறது. நோயாளிகள் பற்றிய பகுதியில், ‘எனக்கு வலிக்கிறது’ என்று நோயாளி சொல்ல அனுமதி உண்டு என்பதற்கே இமாம் புகாரி தனித் தலைப்பு இட்டிருக்கிறார். அதே தலைப்பில் அய்யூப் அலைஹிஸ்ஸலாம் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் எடுத்துச் சொன்னதையும் சேர்த்திருக்கிறார். பொறுமைக்கு உதாரணமாக நாம் சொல்லும் நபி அவர். அவர் தம் நோயை இல்லையென்று சொல்லவில்லை. பாடமாகப் பலமுறை கடந்து வந்த பக்கம் அது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நினைத்ததில்லை.

தீர்மானத்தை மீள்பரிசீலனை செய்யக் கேட்பதற்கு ஒரு மாதம் உண்டு. இலவசமாக ஆலோசனை வழங்கும் ஓரிடத்துக்குப் போனோம். அங்கிருந்த முதிய பெண்மணி, முஸ்லிம் அல்லர், அறிக்கையை முழுவதும் வாசித்துவிட்டு ஒரு தாளில் நான்கு சொற்களை எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். பாதுகாப்பாக. ஏற்கத்தக்க தரத்தில். திரும்பத் திரும்ப. நியாயமான நேரத்துக்குள். ஒரு செயலை இந்த நான்கு விதத்திலும் செய்ய முடியாவிட்டால், செய்ய முடியாதென்றே சட்டம் கொள்கிறது என்றார். நியாயமான நேரம் என்பதற்கும் அளவு உண்டு: நோயற்ற ஒருவருக்கு அதிகபட்சம் ஆகும் நேரத்தைப் போல் இருமடங்குக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு மாத காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலை எப்படி என்பதே கணக்கு. நல்ல நாள் எப்படி என்பதல்ல.

கணவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் வந்ததும், “இது ஃபிக்ஹு பாடம்” என்றார்.

உண்மையில் அப்படித்தான். நோயாளியின் தொழுகையைப் பற்றிய பாடத்தில், நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்கிறோம். இயலாமை என்றால் என்னவென்று மாணவர் கேட்பார். கால்கள் அறவே செயலிழந்து போவது மட்டுமா? அல்ல. நின்றால் நோய் கூடும் அல்லது உள்ளச்சம் கலையும் அளவுக்குக் கடும் சிரமம் உண்டாகும் என்றால், அதுவும் இயலாமையே என்பது நம் ஷாஃபிஈ இமாம்களின் விளக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரக்அத் நின்றுவிடலாம் என்பதற்காக ஒருவரை நிற்க இயன்றவர் என்று நாம் சொல்வதில்லை. இருபது ஆண்டுகள் இதைப் பிறருக்குக் கற்பித்தவர் தொலைபேசியில், “ஆம், மேற்சட்டை அணிவேன்” என்று சொல்லியிருக்கிறார். எத்தனை நிமிடம் ஆகிறது, அதன் பின் எவ்வளவு நேரம் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறார், மறுநாளும் அதைச் செய்ய முடிகிறதா என்பதைச் சொல்லவில்லை. தொழுகையில் ஏற்றுக்கொண்ட சலுகையைப் படிவத்தில் ஏற்க வெட்கப்பட்டிருக்கிறார்.

வீடு வந்து இரண்டு வாரம் குறிப்பெடுத்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு மனைவி கோடு போட்டார். கணவர் ‘சிலவேளை உதவி தேவை’ என்று எழுதிய இடத்தில் நாட்காட்டி பதினான்கு நாளுக்கு ஒன்பது என்றது. “நீங்கள் இங்கே பொய் எழுதியிருக்கிறீர்கள்” என்றார் மனைவி. திருமணமாகி அதுவரை அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியதில்லை. அன்று எங்களுக்குள் கடுமையாகவே வாக்குவாதம் நடந்தது. கூட்டிச் சொல்வது பொய் என்று நம் எல்லோருக்கும் தெரியும். குறைத்துச் சொல்வதும் பொய்தான் என்பதில் கணவர் இணங்க மூன்று நாள் ஆயிற்று. படிவத்தின் இறுதியில், மேலே கூறியவை உண்மை என்று கையொப்பமிட வேண்டும். சாட்சியம் என்பது அதுதானே? தன் உடலுக்குத் தானே சொல்லும் சாட்சியம்.

மீள்பரிசீலனையில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. 2023இல் தீர்ப்பாயத்துக்குப் போனோம். அது கொடுப்பனவை வழங்கும் துறைக்குக் கட்டுப்படாத சுயாதீன அமைப்பு. நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், இயலாமை பற்றி அனுபவ அறிவுள்ள ஒருவர் என மூவர் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் பயந்த அளவுக்கு அவர்கள் கடுமையானவர்களாக இருக்கவில்லை. வைத்தியர் நாட்காட்டியின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “உங்கள் மனைவி வாரத்தில் மூன்று காலை ஐந்து மணிக்கே துப்புரவு வேலைக்குப் போவதாகச் சொல்கிறீர்கள். அந்த நாட்களில் உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது யார்?”

படிவத்தில் நாங்கள் வெறுமையாக விட்டிருந்த இடம் அது. கணவர் பதில் சொல்லவில்லை. நீதிபதி மீண்டும் மெதுவாகக் கேட்டார்.

“மகள்.”

“அவருக்கு என்ன வயது?”

“பதின்மூன்று.”

“எப்போதிருந்து?”

“பத்து வயதிலிருந்து.”

மனைவி பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். பொத்தானும் சப்பாத்தும் அவருக்குத் தெரியும். ஸுப்ஹுக்கு வுழூச் செய்யக் குழாயின் பிடியைத் திருக முடியாமல் வாப்பா நின்றபோது மகள் எழுந்து வந்து திறந்துவிட்டதும், குனிய முடியாத அவருடைய கால்களைக் கழுவி விட்டதும், அதன் பின் அந்த மூன்று நாட்களும் அவளே அலாரம் வைத்துக்கொண்டு எழுந்ததும் அவருக்குத் தெரியாது. அன்று அந்த அறையில்தான் கேட்டறிந்தார்.

தீர்ப்பை அன்றே சொன்னார்கள். சமையல், உண்ணல், கழுவுதல், கழிப்பறை, உடுத்தல் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டாக 10 புள்ளி; நடமாட்டத்துக்கு 8. நின்ற இரண்டும் மீண்டன, நிலுவையும் வந்தது. வெற்றி என்று சொல்ல வேண்டிய நாள். பஸ்ஸில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் நிறுத்தத்துக்கு முன்னைய நிறுத்தத்தில் மனைவி கேட்டார்: “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” கணவர் சொன்னார்: “நீங்கள் வேலையை விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன்.” மகளிடம் கேட்டபோது அவளும் ஏறக்குறைய அதையே சொன்னாள்.

பிறருக்குப் பாரமாகக் கூடாதென்று கணவர் காத்த மௌனத்தின் பாரத்தை ஒரு குழந்தை சுமந்திருக்கிறது. அந்தப் பெண்மணி தொலைபேசியில் தவறாக எழுதினார் என்று ஓராண்டு காலம் பேசினோம். எங்கள் படிவத்திலும் ஒரு குழந்தை எழுதப்படாமல் விடப்பட்டிருந்தாள்.

பிறகு சிலவற்றை மாற்றினோம். மனைவி தம் வேலை நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார்; சம்பளம் சிறிது குறைந்தது. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய் பொருத்த ஏற்பாடு செய்தார். பாடசாலைக்கும் சொன்னோம். இங்கிலாந்தில் பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளை ‘யங் கேரர்’ என்கிறார்கள். அவர்களுடைய தேவையை மதிப்பிடுமாறு உள்ளூராட்சி சபையிடம் கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உண்டு. நம் சமூகத்தில் இதைக் கேட்பவர்கள் குறைவு. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாராவது பயமுறுத்திவிடுகிறார்கள். எங்களையும் பயமுறுத்தினார்கள். வந்தவர் மகளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். வாரத்தில் ஒரு மாலை அவளைப் போன்ற பிள்ளைகளோடு கழிக்க இடம் ஒழுங்கு செய்தார். அவ்வளவுதான்.

கடந்த 2025 மார்ச்சில் அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏதேனும் ஒரு செயலிலாவது 4 புள்ளி பெறாதவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடையாது. எங்களுக்குரிய 10 புள்ளியும் இரண்டிரண்டாக வந்தவை. ஜூலையில் அந்த விதி மசோதாவிலிருந்து நீக்கப்படும் வரை, ஒவ்வொரு செய்தியையும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே பார்த்தோம். அதன் பின் பிப் முழுவதையும் ஆராயும் பணியை அமைச்சர் ஒருவரின் தலைமையில் தொடங்கினார்கள். நாளை என்ன விதி வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

சென்ற மாதம் வந்த உறையில் இருந்தது அடுத்த மீளாய்வுப் படிவம். இம்முறை அஸருக்குப் பின் எல்லோருமாகவே அதைப் பிரித்தோம். கடந்த ஞாயிறு இரவு உணவுக்குப் பிறகு, எழுதியவற்றை மனைவி சத்தமாக வாசித்துக்கொண்டு போனார். ‘முன்னர் மகள் உதவினாள், இப்போது அவளுடைய உதவி பெறுவதில்லை’ என்ற வரி வந்தது. பதினாறு வயது மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“செவ்வாய்க்கிழமை உம்மா பிந்தி வரும் நாளில் வாப்பாவின் மாத்திரைப் போத்தலைத் திறந்து கொடுப்பது நான்தான்,” என்றாள். “அதையும் எழுதுங்கள்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனைவி அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மகள் எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழையொன்றையும் திருத்திவிட்டுப் போனாள்.

படிவம் போய்ச் சேர இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. தொலைபேசி அழைப்பு எந்நாளும் வரலாம். இம்முறை மனைவி பக்கத்தில் இருப்பார். எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.